உங்கள் பெயருக்குக் கீழே இருந்த சொல்

நம் போர்டைக் கழற்றிவிட்டார்கள். கட்டடக்காரர் மாடிப்படிச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டப் போகிறாராம். கடைசி ஸ்க்ரூவைத் திருகி எடுத்ததும் பின்னாலிருந்து ஒரு பல்லி தொப்பென்று விழுந்து ஓடியது. இத்தனை வருஷமாக நம் இருவர் பெயருக்கும் பின்னால் வாடகை கொடுக்காமல் குடியிருந்திருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் அதற்கும் வக்காலத்து வாங்கியிருப்பீர்கள்.

போர்டு இப்போது என் மேஜைமேல் கிடக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்ததில் அறை முழுக்க அந்த வாசனை. மேலே உங்கள் பெயர், அதற்குக் கீழே ‘வக்கீல்’. அடுத்து என் பெயர், அதற்குக் கீழே ‘வழக்கறிஞர்’. ஒரே தகரத்தில் இரண்டு சொல். இதற்காக நாம் போட்ட சண்டையைக் கேட்டுக் கீழ்க் கடைக்காரர் ஒரு தடவை ஏதோ நடந்துவிட்டதென்று மேலே ஓடி வந்தது நினைவிருக்கிறதா?

போர்டு செய்கிறவர் நேற்று முன்தினம் கேட்டார்: “மேடம், சார் பேரை எடுத்துரலாங்களா? உங்க பேருக்குக் கீழ என்னங்க போடறது? அட்வகேட்டுன்னு இங்கிலீசுல போட்டா கிராண்டா இருக்குமுங்க.”

“ரெண்டு நாள் கழிச்சுச் சொல்றேனுங்க” என்று அனுப்பிவிட்டேன். ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம்தான். வாய் வரவில்லை. அதற்குள் நேற்று ஷமீமாவுக்கு நிக்காஹ் நடந்தது. உங்கள் அண்ணன் மகள் ஷமீமா. அதை உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்துக்குத் தபால் உண்டா என்றெல்லாம் எனக்குக் கவலையில்லை.

முதலில் இந்த அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நூல், பட்டன், ஜிப் விற்கிற கடைக்கு மேலே ஒரே அறை. தனித்தனியாக அறை எடுக்க இருவருக்கும் வக்கில்லாத காலம். நடுவில் ஒரு பீரோவைக் குறுக்கே போட்டு, அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். பெண் ஒருத்தி ஆண் வக்கீலோடு ஒரே அறையிலா என்று சேவூரிலிருந்து என் சித்தப்பா விசாரிக்க வந்தார். வந்தவர் உங்களோடு ஒரு மணி நேரம் மஞ்சள் விலை பேசிவிட்டு, என்னைப் பார்க்க மறந்து பஸ் ஏறிவிட்டார்.

போர்டு எழுதக் கொடுத்த அன்றுதான் சண்டை ஆரம்பித்தது. என் பெயருக்குக் கீழே வழக்கறிஞர் என்று எழுதச் சொன்னேன். நல்ல தமிழ், கௌரவமான சொல். நீங்கள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தீர்கள்.

“அறிஞருன்னு நம்மளை நாமளே சொல்லிக்கிறதுங்களா? அது ஊரு சொல்லோணுமுங்க.”

“சரிங்க, அப்ப வழக்குரைஞர்னு போட்டுக்கறேன். வழக்கை உரைக்கறவங்க. அதுல ஒண்ணும் பெருமை இல்லீங்களே.”

“உரைக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்குதுங்களே.”

“என்ன வேலை?”

“கேக்கற வேலை.”

நான் சும்மா விடுவேனா? வக்கீல் என்பது நம் சொல்லே இல்லையே, யாரோ குதிரையில் வந்தவர்கள் விட்டுப்போனதுதானே என்றேன். “நம்ம பனியன்கூடத்தான் வெளியூருச் சொல்லு. கழட்டிப் போட்டுட்டா கோர்ட்டுக்குப் போறேன்?” என்றீர்கள். கடைசியில் அவரவருக்கு அவரவர் சொல் என்று ஒப்பந்தமானது. எழுதுகிறவர்தான் பாவம், எழுத்துக்களின் அளவு சரிவரவில்லை என்று புலம்பிக்கொண்டே எழுதினார்.

எனக்கு அந்தச் சொல் பிடிக்காததற்கு உண்மைக் காரணம் வேறு. உங்களுக்கும் தெரியும். டாக்டர் மனைவி டாக்டரம்மா, வாத்தியார் மனைவி வாத்தியாரம்மா, வக்கீல் மனைவி வக்கீலம்மா. அதே ஊரில், தானே வாதாடுகிற பெண்ணும் வக்கீலம்மா. எந்த அம்மா எந்த அம்மா என்று யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? அறை திறந்த முதல் மாதமே ஒரு பெரியவர் வந்தார். நீங்கள் இல்லை. நான் கறுப்பு கோட்டைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

“ஏனுங்கம்மா, வக்கீலு இல்லீங்களா?”

“நானும் வக்கீல்தானுங்க. சொல்லுங்க.”

“அது தெரியுதுங்க, வக்கீலம்மாதானுங்களே. அய்யா எங்கீங்க? ஊட்டுக்குச் சாப்பிடப் போயிட்டாருங்களா? நீங்க சோறு கொண்டாந்திருக்கலாமில்லீங்க?”

நீங்கள் வந்ததும் கொதித்துப் போய்ச் சொன்னேன். குடித்துக்கொண்டிருந்த டீ உங்கள் மூக்கில் ஏறிவிட்டது. அன்று முழுக்கச் சிரித்தீர்கள். ஆனால் மறுநாளிலிருந்து, வருகிறவர்களிடம் நீங்கள் ஒரு தடவைகூட என்னை வக்கீலம்மா என்று சொன்னதில்லை. “வக்கீல் உள்ள இருக்காங்க, போய்ப் பாருங்க” என்பீர்கள். அம்மா இல்லாத, சும்மா வக்கீல். வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து ஓர் ஆணைத் தேடுவார்கள். அந்த முழியைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

கோர்ட் வாசல் டீக்கடையில் நின்றுகொண்டு அந்தச் சொல்லின் கதையை நீங்கள் சொல்லும்போது கடைக்காரர்கூடப் பாலை ஆற்றுவதை நிறுத்திவிடுவார். அரபியில் கிளம்பிய சொல். பாரசீகம் வழியாக நவாப்புகளின் தர்பாருக்கு வந்தது. அங்கே வக்கீல் என்றால் கறுப்பு கோட்டுக்காரர் இல்லை. ஓர் அரசர் இன்னோர் அரசரின் சபையில் தன் சார்பாக நிறுத்திவைக்கிற ஆள். “அனுப்புனவரு சொன்னதைச் சொல்லோணும். சொல்லாததைச் சொன்னா தலை போயிரும்” என்று கழுத்தில் விரலை இழுத்துக் காட்டுவீர்கள். பிறகு கம்பெனிக்காரன் வந்தான், கோர்ட் வைத்தான், கட்சிக்காரருக்காக முன்னால் நிற்கிறவர்களுக்கு அதே பெயரை வைத்துக்கொண்டான். வெள்ளைக்காரன் காலத்தில் பாரிஸ்டர் மேல்வரிசை, வக்கீல் கீழ்வரிசை. சுதந்திரம் வந்த பிறகு போட்ட சட்டம் எல்லோரையும் அட்வகேட் என்ற ஒரே பெயரில் சேர்த்துவிட்டது. பதிவேட்டில் போன பெயர் ஜனங்கள் வாயில் அப்படியே நின்றுவிட்டது.

“கீழ்வரிசைக்குக் குடுத்த பேரைப் போய் எதுக்குங்க கட்டிக்கிட்டு அழுகறீங்க?” என்று நான் கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதிலை அன்றைக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை.

“பாரிஸ்டர்ங்கறது படிச்சு வாங்கற பேரு. அட்வகேட்ங்கறது பதிவு பண்ணி வாங்கற பேரு. வக்கீல்ங்கறது இன்னொருத்தரு குடுத்தாத்தான் வரும். கட்சிக்காரரு வக்காலத்துக் குடுக்கற வரைக்கும் நீங்களும் நானும் சும்மா கோட்டு போட்ட ஆளுக.”

அல்லாஹ்வுக்கு உள்ள பெயர்களில் ஒன்று அது என்றும், பொறுப்பை ஒப்படைக்கத் தகுந்தவன் என்று அர்த்தம் என்றும் ஒரு நாள் சொன்னீர்கள். “மனுசன் அதைப் போட்டுக்கிட்டுத் திரியறான், கொஞ்சம் பார்த்துத்தான் நடந்துக்கோணும்” என்றீர்கள். பெரிதாக எதையோ சொல்லிவிட்ட கூச்சத்தில் உடனே ஒரு வடைக்குச் சொன்னீர்கள்.

பார்த்துத்தான் நடந்தீர்கள். ஊத்துக்குளியிலிருந்து ஒரு தாத்தாவை அவர் மகன்கள் கூட்டி வந்தார்களே, பாகப் பத்திரத்துக்கு. மகன்கள் இருவரும் மாறி மாறிப் பேசினார்கள். அப்பா இப்படி நினைக்கிறார், அப்பா அப்படி ஆசைப்படுகிறார். அப்பா ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் மகன்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, பெரியவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள். “சாமி, நீங்க என்ன சொல்றீங்க?” என்றீர்கள். அவர் தோள் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பீரோவுக்கு இந்தப் பக்கம் எனக்கே பொறுமை போய்விட்டது. பிறகு பேசினார் பாருங்கள், மகன்கள் சொன்னதற்கு நேர் எதிராக. அந்தப் பத்திரம் அன்று எழுதப்படவில்லை. மகன்கள் உங்கள்மேல் கோபித்துக்கொண்டு போனார்கள். பெரியவர் மட்டும் அடுத்த வாரம் ஒரு தூக்கு நிறைய வெண்ணெயோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

எந்த வழக்கைப் பற்றி நான் பேச வந்தாலும் உங்கள் முதல் கேள்வி ஒன்றுதான். “கேட்டீங்களா, வக்கீல்?” யாரிடம் என்று நீங்கள் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

உங்கள் ஜமாஅத்தில் கல்யாணத்துக்கும் ஒரு வக்கீல் உண்டு என்பதே நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பள்ளிவாசல் ஹஜ்ரத் நிக்காஹ் ஓதி வைப்பதற்கு முன்னால் ஒருவர் இரண்டு சாட்சிகளோடு மணப்பெண் இருக்கிற அறைக்குப் போக வேண்டும். இன்னார் மகன் இன்னாருக்கு உன்னை நிக்காஹ் செய்து வைக்க என்னை வக்கீலாக ஆக்குகிறாயா என்று அவளிடம் கேட்க வேண்டும். அவள் சம்மதம் சொன்னால், அதை வாங்கிக்கொண்டு வந்து சபையில் சொல்ல வேண்டும். பெண் வெட்கப்பட்டுச் சும்மா இருந்தாலும் சம்மதம்தான் என்பது வழக்கம். யார் வீட்டுக் கல்யாணமானாலும் “வக்கீலுக்கு நம்ம வக்கீலே இருக்கட்டும்” என்று உங்களைக் கூப்பிடுவது விளையாட்டாக ஆரம்பித்து, பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. கோர்ட்டில் தோற்ற நாளில்கூட, “கல்யாணக் கேஸுல இதுவரைக்கும் ஒண்ணும் தோக்கலீங்க” என்று பெருமை அடித்துக்கொள்வீர்கள்.

ஷமீமாவுக்கு முதலில் நிச்சயமான கல்யாணத்துக்கும் நீங்கள்தான் வக்கீல். உங்கள் அண்ணன் வேலம்பாளையத்தில் நாலைந்து தையல் மெஷின்களோடு ஆரம்பித்து அப்போதுதான் ஒரு யூனிட்டாக எழுந்து நின்றிருந்தார். மாப்பிள்ளை நூல் வியாபாரக் குடும்பம். அண்ணன் கனவிலும் நினைக்காத இடம். ஷமீமா கல்லூரிக் கடைசி வருஷம். அவளுக்கு அந்த மாப்பிள்ளையும் வேண்டாம், பாதியில் படிப்பை விடவும் மனசில்லை. அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். பெற்ற அத்தாவுக்குத் தெரிந்தால் உடைந்து போவார், பேசாமல் இரு என்று அம்மா வாயை அடைத்துவிட்டார். இதெல்லாம் நமக்குப் பிறகுதான் தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மணப்பெண் அறையில் அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், மருதாணி வைத்த அவள் கை என் கையைப் பிடித்திருந்தது, விரல்கள் சில்லென்று இருந்தன.

நீங்கள் சாட்சிகளோடு வாசலில் வந்து நின்று கேட்டீர்கள். பெயர் சொல்லி, மாப்பிள்ளை தரும் மஹர் சொல்லி, முறையாக. “என்னைய வக்கீலா ஆக்கறியா கண்ணு? சம்மதமா?”

முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒரு பெரியம்மா சொன்னார், “வெக்கப்படுதுங்க. சும்மா இருந்தாலே சம்மதந்தான். போய்ச் சொல்லுங்க, ஹஜ்ரத் காத்திருக்காரு.”

“அது எனக்கும் தெரியுமுங்க. வெக்கப்பட்டா மடி இப்படி நனையாதுங்களே” என்றீர்கள்.

அப்போதுதான் நானே குனிந்து பார்த்தேன். பட்டுச் சேலையில் சொட்டுச் சொட்டாகக் கண்ணீர்.

மறுபடியும் கேட்டீர்கள். வெளியே மைக்கில், வக்கீலும் சாட்சிகளும் சீக்கிரம் வரும்படி கூப்பிட்டார்கள். சாட்சிகளில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நீங்கள் தொப்பியைச் சரி செய்துகொண்டு, அத்தனை பெண்களுக்கு நடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

“கண்ணு, நான் வெளிய போய் என்ன சொல்லட்டும்னு நீ சொல்லு. நீ சொல்றதைத்தான் சொல்லுவேன். வேற ஒரு வார்த்தை சேர்க்க மாட்டேன்.”

அவள் தலையைத் தூக்கினாள்.

“எனக்கு வேண்டாம் சின்னத்தா.”

“சரி” என்றீர்கள். கோர்ட்டில் வாய்தா தேதியைக் கேட்டுக்கொள்ளும்போது சொல்வீர்களே, அதே சரி. எழுந்து போனீர்கள். நான் பின்னாலேயே கதவு வரை வந்தேன்.

நீங்கள் மைக்கை வாங்கவில்லை. ஹஜ்ரத்தின் பக்கத்தில் போய் நின்று, முன் வரிசைக்குக் கேட்கும்படி சொன்னீர்கள். “பொண்ணு என்னைய வக்கீலாக்கலீங்க.”

உங்கள் அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. முறையில் ஏதோ விட்டுப்போனது என்று நினைத்துக்கொண்டு, “மறுபடி போய்க் கேளு” என்றார்.

“கேட்டுட்டேனுங்கண்ணா. வேண்டாம்னு சொல்லிட்டா.”

ஹஜ்ரத் கண்ணாடியைக் கழற்றி, பதிவுப் புத்தகத்தை மூடி, அதன்மேல் வைத்தார். பெண் சம்மதம் இல்லாமல் தான் ஓத முடியாது என்று மெதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகு மண்டபத்தில் எழுந்த சத்தம் உங்களுக்கு நினைவிருக்கும். அண்ணன் உங்கள் சட்டையைப் பிடித்துவிட்டார். “எம்பொண்ணுக்கு வக்காலத்து வாங்க நீ யாருடா?”

“நீங்கதானுங்கண்ணா என்னையக் கேட்டுட்டு வரச் சொன்னீங்க. கேட்டுட்டு வந்திருக்கேன்.”

மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனார்கள். பாதிக் கூட்டம் சாப்பிடாமல் போனது, பாதிக் கூட்டம் சாப்பிட்டது. பிரியாணி யாருடைய சம்மதத்துக்கும் காத்திருப்பதில்லை. மண்டபத்துக்கு வெளியே உங்கள் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று, உங்களுக்கு ரொம்பத் துணிச்சல் என்றேன். “காலெல்லாம் நடுங்குதுங்க, வக்கீல். எங்கயாச்சும் ஒரு டீ குடிக்கலாம்” என்றீர்கள்.

அண்ணன் உங்களோடு பேசுவதை நிறுத்தினார். ஒவ்வொரு பெருநாளும் நீங்கள் அவர் வீட்டுக்குப் போவீர்கள். அவர் எழுந்து உள்ளே போய்விடுவார். நீங்கள் அண்ணி கொடுக்கிற சேமியாவைக் குடித்துவிட்டு, “வரேனுங்கண்ணா” என்று மூடிய கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருவீர்கள். எனக்குத்தான் கோபம் வரும். போகாதீர்கள் என்பேன். “அவரு என்னைய வேண்டாம்னு இன்னும் சொல்லலீங்களே” என்பீர்கள்.

ஷமீமா படித்து முடித்தாள். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் ஆனாள். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர்களோடு போனில் பேசிப் பேசி அவள் குரல் எப்படி ஆகிவிட்டது தெரியுமா? கீழ்க் கடையில் நின்று பட்டன் கேட்டால் மேலே எனக்குக் கேட்கிறது. அத்தாவின் யூனிட்டுக்கு இப்போது ஆர்டர் பிடிப்பதே அவள்தான். ஷிப்மெண்ட் தேதி நெருங்கினால், அவளிடம் கேட்காமல் உங்கள் அண்ணன் ஒரு துணி கட்டிங்கைக்கூட ஆரம்பிப்பதில்லை.

நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவர் வந்தார். நான் வராந்தாவில் நின்றிருந்தேன். அத்தனை வருஷத்துப் பேச்சையும் பேசித் தீர்ப்பார் என்று நினைத்தேன். “சாப்பிட்டியா?” என்றார். “ம்” என்றீர்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உங்கள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் நீங்கள் இல்லை. பீரோவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி அப்படியே கிடக்கிறது. ஏதாவது ஒரு வழக்கில் சிக்கிக்கொள்ளும்போது அந்தப் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்துவிட்டு, பாதியில் நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு நீங்கள் வேண்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

சரி, நேற்றைய கதைக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை ஷமீமாவோடு படித்த பையன். பிரிண்டிங் யூனிட்டில் வேலை. வீட்டில் அவளே சொன்னாள், அத்தாவே போய்ப் பேசி முடித்தார். நிக்காஹுக்கு வக்கீல் யார் என்று ஜமாஅத்தில் கேட்டிருக்கிறார்கள். எப்போதும் சொல்கிற பெயர் இல்லாததால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். உங்கள் அண்ணன், “நானே இருக்கேன்” என்றாராம்.

நான் அதே மாதிரி மணப்பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு இஷ்டமான கல்யாணம் என்று நன்றாகத் தெரியும். இருந்தாலும், எல்லோருக்கும் தெரிந்ததை வைத்துக்கொண்டு கேட்காமலே முடித்துவிடுகிறவர்களை நான் தினமும் கோர்ட்டில் பார்க்கிறவள். அப்பா தன் மகளிடம் என்ன கேட்கப் போகிறார், வந்தோம் போனோம் என்று முடித்துவிடுவார், அவளுக்கு அந்தப் பழைய நாள் அப்படியே தொண்டையில் நின்றுவிடும் என்று பயந்தேன்.

அண்ணன் வந்தார். வெள்ளைச் சட்டை, உங்கள் ஜாடை, உங்களைவிடக் கொஞ்சம் உயரம். பெயர் சொல்லி, மஹர் சொல்லி, முறையாகக் கேட்டார். ஷமீமா தலையைக் குனிந்துகொண்டாள். பேசவில்லை.

அன்றைக்கு இருந்த பெண்கள் பாதிப் பேர் நேற்றும் இருந்தார்கள். அதே பெரியம்மா, இப்போது பல்லில்லாத வாயோடு, “சும்மா இருந்தாலே...” என்று ஆரம்பித்தார்.

“இருங்க. அது சொல்லட்டும்” என்றார் அண்ணன்.

மைக்கில் கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு, வலியில் முனகிக்கொண்டே, தரையில் உட்கார்ந்தார். அவர் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

“கண்ணு, நான் வெளிய போய் என்ன சொல்லட்டும்?”

உங்கள் வாக்கியம். அன்று அவர் அறைக்கு வெளியேதான் இருந்தார். ஷமீமா சொன்னாளா, அவள் அம்மா சொன்னாரா, ஆஸ்பத்திரியில் அந்த ஒரு வாரத்தில் நீங்களே சொன்னீர்களா, எனக்குத் தெரியாது. நான் கேட்கப் போவதுமில்லை.

ஷமீமா முக்காட்டை விலக்கினாள். கண் நிறையத் தண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு. கழுதை, வேண்டுமென்றுதான் காக்க வைத்திருக்கிறாள்!

“சம்மதம் அத்தா. நீங்களே எனக்கு வக்கீலா இருங்க.”

பையர்களிடம் பேசுகிற அதே குரல். கதவு, கூடம், மாப்பிள்ளை மேடை எல்லாவற்றையும் தாண்டிப் போயிருக்கும். வெளியே யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோருமே சிரித்தார்கள். சாட்சிகள் கை கொடுத்து அண்ணனைத் தூக்கிவிட்டார்கள். கதவருகில் என்னைப் பார்த்ததும் நின்றார். இத்தனை வருஷத்தில் உங்கள் ஆபீஸ்காரி என்று என்னோடும் சரியாகப் பேசாதவர்.

“அவன் இருந்தா அவன்தானுங்க வந்திருப்பான்” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இன்னிக்கு நானுங்க வக்கீலு. எம்பொண்ணு ஆக்கியிருக்குது.”

அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சை நிமிர்த்திய விதத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கோட்டு கிடையாது, பட்டம் கிடையாது, பார் கவுன்சில் கிடையாது. மகள் கொடுத்தாள், அவர் வாங்கிக்கொண்டார். நம் டீக்கடை வாதத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். தீர்ப்பு வர இவ்வளவு காலம் ஆனதற்கு நம் கோர்ட்டுகளைத்தான் குறை சொல்ல வேண்டும்.

இதுவரை எழுதிவிட்டு, இன்று காலையே போர்டுக்காரரை வரச் சொன்னேன்.

“சார் பேரை எடுத்துருங்க. எம்பேரு இருக்கட்டும். எம்பேருக்குக் கீழ, சார் பேருக்குக் கீழ இருக்கற சொல்லைப் போடுங்க.”

அவர் தலையைச் சாய்த்துப் படித்தார். “வக்கீலுங்களா? வக்கீலம்மான்னு போட்டுரலாங்களா மேடம்? அப்பத்தான் லேடீஸுன்னு தெரியுமுங்க.”

“அம்மா வேண்டாமுங்க. வக்கீல். அது போதும்.”

பழைய போர்டை எடுத்துப் போகட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். மேஜையிலிருந்து எடுத்து உங்கள் நாற்காலியில் சாய்த்து வைத்திருக்கிறேன். மாலைக்குள் புதுசை அடித்துக் கொண்டுவந்து, டைல்ஸ் பசை காய்வதற்குள் மாட்டிவிட்டுப் போய்விட்டார். எழுத்து கொஞ்சம் பெரிசாகத்தான் இருக்கிறது. பல்லி இன்னும் வரவில்லை.

இதற்கு மேல் எழுத உட்காரும்போதே படியில் காலடிச் சத்தம். ஒரு பெண், கழுத்தில் இன்னும் கம்பெனி அடையாள அட்டை, தலைமுடியில் நூல் பிசிறு. கூடவே ஒரு ஆள், அவள் கணவனின் அண்ணனாம். அவர்தான் முன்னால் வந்தார். அவர்தான் உட்கார்ந்தார். அவள் நின்றுகொண்டிருந்தாள். அவர் வெளியே மாட்டியிருந்த போர்டைக் கை காட்டி, அறையைச் சுற்றிப் பார்த்து, உங்கள் நாற்காலியில் யாருமில்லை என்று தெரிந்ததும் சந்தேகமாக என்னைக் கேட்டார்:

“வக்கீலு நீங்கதானுங்களா?”

நான் எழுந்து போய் அந்தப் பெண்ணுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“இனிமேத்தானுங்க தெரியும்” என்றேன். “நீங்க கீழ போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. இவங்க சொல்லட்டும்.”